பழைய பெண்கள் மல்யுத்தப் பொருள்கள்: ஆண்டைக் கண்டுபிடித்த பிறகு பணத்தை எடுங்கள்

பழைய பெண்கள் ரெஸ்லிங் போஸ்டர், புரோகிராம் (போட்டி நாளில் அரங்கில் விற்கும் சிறு புத்தகம்), போட்டோ சேர்க்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். முதலில் வாங்குகிறார்கள், அப்புறம் படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். '1940களின் போஸ்டர்' என்று நம்பி வாங்கிய ஒன்று வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் அடியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருப்பதைக் கவனித்தேன். அமெரிக்காவில் அந்தக் குறியீடு வந்ததே 1963இல். பணம் போனது போனதுதான்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் இந்த மாதிரிச் செலவு பெரும்பாலும் மிச்சமாகும்.

1. எல்லையைக் குறுக்கிக்கொள்ளுங்கள்

'பெண்கள் மல்யுத்தம்' என்று பொதுவாகத் தொடங்கினால் ஆறு மாதத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாத குப்பை சேரும். ஒரு காலம், ஒரு பொருள் என்று முடிவு செய்யுங்கள். தோராயமாக நான்கு காலங்கள் உண்டு.

மில்ட்ரெட் பர்க் 1937இல் கிளாரா மார்டென்சனை வென்று சாம்பியனானதிலிருந்து 1950களின் நடுப்பகுதி வரை ஒன்று. ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் இருந்துகொண்டு அவர் கணவர் பில்லி உல்ஃப் ஊர் ஊராகப் பெண்களை அனுப்பிய காலம் அது. 1956இல் பால்டிமோரில் பட்டம் வென்ற ஃபேபுலஸ் மூலாவின் நீண்ட காலம் இரண்டாவது. 1984இல் வெண்டி ரிக்டர் மூலாவைத் தோற்கடித்த போட்டி எம்டிவியில் ஒளிபரப்பானதும், அதையொட்டி வந்த டிவி, பொம்மை, அட்டைப்பட அலையும் மூன்றாவது. நான்காவது ஜப்பான்: 1968இல் தொடங்கி 2005இல் மூடிய 'ஆல் ஜப்பான் விமன்ஸ்' நிறுவனத்தின் காலம். ஜப்பானிய ரசிகர்கள் சுருக்கமாக 'ஜென்ஜோ' என்பார்கள்.

ஏன் ஒன்றை மட்டும்? ஒவ்வொரு காலத்துக்கும் தாள் வேறு, அச்சு வேறு, போலியும் வேறு. 1940களின் போஸ்டரை அசலா என்று பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு 1985இன் ஜப்பானியக் கையெழுத்து அட்டையைப் பார்க்கத் தெரியாது. ஒன்றில் கை பழகிய பிறகு அடுத்ததற்குப் போகலாம்.

2. முதல் வாங்கலுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் ஒன்று (நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அதேதான்). ரூபாய் நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச். அங்குலமும் சென்டிமீட்டரும் உள்ள அளவுகோல். மென்மையான 2பி பென்சில். எந்த ஆண்டின் தேதிக்கும் கிழமை சொல்லும் நாட்காட்டி, இது போனிலேயே இருக்கும். ஒரு தடித்த நோட்டு. எல்லாம் சேர்த்தால் ஒரு சுமாரான போட்டோவின் விலைகூட ஆகாது.

பேனாவை மேசையிலேயே வைக்காதீர்கள். பழைய தாளுக்குப் பக்கத்தில் மை இருந்தால் என்றாவது ஒருநாள் அது மேலே படும்.

3. பெயர்–ஆண்டு நோட்டு எழுதுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். உங்கள் காலத்தில் ஆடிய பெண்களின் பெயர்களை ஒரு பக்கமும், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை எந்தப் பெயரில் ஆடினார்கள் என்பதை மறுபக்கமும் எழுதுங்கள். பட்டம் எப்போது யாரிடம் இருந்தது என்பதற்குத் தனிப் பக்கம்.

பயன் என்ன? மூலா முதலில் 'ஸ்லேவ் கேர்ள் மூலா' என்ற பெயரில்தான் வளையத்துக்கு வந்தார். 'ஃபேபுலஸ்' பிறகு ஒட்டிக்கொண்டது. புரோகிராமில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதை வைத்தே ஓரளவு காலம் சொல்லிவிடலாம். 1950களில் புகழ்பெற்ற கறுப்பின வீராங்கனைகளான பேப்ஸ் விங்கோ, எத்தல் ஜான்சன், மார்வா ஸ்காட் மூவரும் சகோதரிகள். பெயரை மட்டும் பார்த்தால் அது தெரியவே தெரியாது. இவர்கள் பெயர் உள்ள தாளைக் கண்டால் உடனே தனியாக எடுத்து வையுங்கள்.

பட்டப் பக்கத்தில் கவனம் வேண்டும். மூலா 28 ஆண்டுகள் தொடர்ந்து சாம்பியனாக இருந்தார் என்பது விளம்பரக் கணக்கு. நடுவில் 1966இல் பெட்டி பூஷேயும் 1968இல் யூகிகோ டோமோயேவும் அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்திருக்கிறார்கள். எனவே 1966ஆம் ஆண்டுத் தாளில் வேறொருவர் சாம்பியன் என்று இருந்தால் அதை அச்சுப்பிழை என்றோ போலி என்றோ ஒதுக்கிவிடாதீர்கள். அத்தகைய தாள்தான் கிடைப்பது அரிது.

அதேபோல் 1954க்குப் பிறகு பர்க்கும் அவருடைய போட்டியாளரான ஜூன் பயர்ஸும் இருவருமே தங்களை உலக சாம்பியன் என்று சொல்லிக்கொண்டார்கள். போஸ்டரில் 'உலக சாம்பியன்' என்று இருப்பதால் மட்டும் ஆண்டு முடிவாகாது.

இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: நியூயார்க் மாநிலத்தில் பெண்கள் மல்யுத்தத்துக்கு 1972வரை தடை. மூலா நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் இறங்கியது அந்த ஆண்டு ஜூலை 1இல். அதற்கு முந்தைய கார்டன் புரோகிராமில் பெண்கள் போட்டி இருப்பதாக யாராவது விற்றால், சிரித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

4. தேடும்போது அட்டையை நம்பாதீர்கள்

அமெரிக்கப் புரோகிராம்களில் முகப்பில் இருப்பது பெரும்பாலும் ஆண்தான். பெண்கள் போட்டி உள்ளே, இரண்டாவது அல்லது மூன்றாவது வரியில் இருக்கும். விற்பவர் முகப்பில் இருக்கும் ஆணின் பெயரைத்தான் தலைப்பில் போடுவார், உள்ளே யார் இருக்கிறார் என்பதை அவர் பார்த்தேயிருக்க மாட்டார். ஆகவே பெண் பெயரைத் தேடினால் எல்லோரும் ஏலம் கேட்கும் பொருள் மட்டும்தான் கண்ணில் படும்.

நான் செய்வது இது: ஊர், அரங்கம், ஆண்டு என்று தேடி, போட்டி வரிசை தெரியும் படம் உள்ள பட்டியல்களை மட்டும் திறந்து படிக்கிறேன். படம் இல்லையென்றால் 'உள்பக்கம் ஒரு படம் அனுப்ப முடியுமா' என்று கேட்கிறேன். பத்தில் ஏழு பேர் அனுப்புகிறார்கள்.

பழைய சொற்களையும் போட்டுத் தேடுங்கள். அந்தக் காலத்தில் 'கேர்ள் ரெஸ்லர்ஸ்', 'லேடி ரெஸ்லர்' என்றுதான் அச்சடித்தார்கள். இன்று நாம் சொல்லும் 'விமன்ஸ்' என்ற சொல்லை மட்டும் போட்டால் பாதி தப்பிவிடும். பெயரில் எழுத்துப் பிழை செய்தும் தேடிப் பாருங்கள், மலிவாகக் கிடைப்பவை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. 1950களின் 'பெண்கள் சண்டை' படங்கள் என்று வருபவற்றில் பல, தபாலில் விற்பதற்காக ஸ்டுடியோவில் மாடல்களை வைத்து எடுத்தவை. அவற்றுக்குத் தனிச் சந்தை உண்டு. வளையம், நடுவர், பார்வையாளர் எதுவும் இல்லாமல், பெயரும் இல்லாத படம் என்றால் தொழில்முறை மல்யுத்தப் பொருள் என்ற விலையைக் கொடுக்காதீர்கள்.

5. ஆண்டைக் கண்டுபிடியுங்கள்

பழைய போஸ்டர்களில் கிழமை, மாதம், தேதி இருக்கும், ஆண்டு இருக்காது. அடுத்த வாரம் நடக்கப்போகும் போட்டிக்கு யார் ஆண்டு போடுவார்கள்? விற்பவர் தன் மனசுக்குப் பட்ட ஆண்டைப் போட்டுவிடுகிறார். அதைச் சரிபார்க்கும் முறை எளிது.

உதாரணத்துக்கு, 'வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 20' என்று ஒரு தாளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாட்காட்டியைப் புரட்டினால் 1940 முதல் 1965 வரை அந்தத் தேதி வெள்ளியாக வருவது 1943, 1948, 1954, 1965 ஆகிய நான்கு ஆண்டுகளில்தான். இருபத்தாறு ஆண்டுகள் ஒரே நிமிடத்தில் நான்காகிவிட்டன. இப்போது பெயர் நோட்டை எடுங்கள். போட்டி பர்க்கும் பயர்ஸும், ஊர் அட்லாண்டா என்றால் அது 1954. இருவரும் பட்டத்துக்காக மோதி, முடிவு இன்றுவரை சர்ச்சையாக இருக்கும் அதே நாள். அதே தேதியில் வேறு ஊரில் பர்க் ஆடுவதாக ஒரு போஸ்டர் இருந்தால் அது மற்ற ஆண்டுகளில் ஒன்று. பட்டியலில் உள்ள மற்றவர்களின் பெயரை வைத்து அதையும் சுருக்கிவிடலாம்.

அடுத்தது முகவரி. அமெரிக்காவில் 1943 முதல் 1963 வரை பெரிய நகரங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு இலக்க மண்டல எண் இருந்தது. 'கொலம்பஸ் 15, ஒஹாயோ' என்பதுபோல் ஊருக்கும் மாநிலத்துக்கும் நடுவே வரும். அது இருந்தால் இருபது ஆண்டுகளுக்குள் வந்துவிட்டீர்கள். ஐந்து இலக்கம் இருந்தால் 1963 ஜூலைக்குப் பிறகு. நான் ஏமாந்த கதைதான்.

ஜப்பானியப் பொருளில் ஆண்டு பெரும்பாலும் பேரரசரின் ஆட்சி ஆண்டுக் கணக்கில் இருக்கும். ஷோவா ஆண்டுடன் 1925ஐக் கூட்டுங்கள், ஹெய்செய் ஆண்டுடன் 1988ஐ. ஷோவா 60 என்றால் 1985: ஒசாகாஜோ ஹாலில் ஆகஸ்ட் 28 அன்று தோற்றவர் மொட்டையடித்துக்கொள்ள வேண்டும் என்ற போட்டியில் சிகுசா நாகயோ டம்ப் மாட்சுமோட்டோவிடம் தோற்றுத் தலைமுடியை இழந்த ஆண்டு. ஹெய்செய் 6 என்றால் 1994: நவம்பர் 20 அன்று டோக்கியோ டோமில் பெண்கள் மல்யுத்தத்தை முன்வைத்து நடந்த பெருநிகழ்ச்சியின் ஆண்டு. இந்த இரண்டு கூட்டல்களையும் நோட்டின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள்.

ஜப்பானில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரு சுற்றுப்பயணம் முழுவதற்கும் ஒரே பாம்ஃப்லெட்டைத்தான் (புரோகிராமை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) அச்சடித்து ஊர் ஊராக விற்பார்கள். அன்றைய போட்டி வரிசையை உள்ளே ஒரு வெற்றுப் பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பால் குத்துவார்கள், அல்லது ஒற்றைத் தாளாகச் செருகுவார்கள். அந்த ஸ்டாம்ப் இல்லாத பிரதி 'புதிதுபோல் சுத்தமாக' இருக்கிறது என்று புதியவர்கள் அதையே தேடி வாங்குகிறார்கள். எனக்கு ஸ்டாம்ப் உள்ளதுதான் வேண்டும். எந்த ஊர், எந்த நாள், யாருடன் யார் என்பதை அது மட்டும்தான் சொல்கிறது.

அமெரிக்கப் புரோகிராமில் யாரோ பென்சிலால் முடிவுகளைக் குறித்திருந்தாலும் இதே கதைதான். அழித்துவிடாதீர்கள். அன்று அரங்கில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுதிய முடிவு அது.

6. அசலா என்று பாருங்கள்

ஆண்டு தெரிந்த பிறகுதான் இந்தப் படி. தாள் எந்த ஆண்டுக்கானது என்று தெரியாமல் அந்த ஆண்டுக்குரிய தாளா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?

போஸ்டர்: கடை ஜன்னலில் வைத்த அட்டைகள் வழக்கமாக 14க்கு 22 அங்குலம். எழுத்துகளைக் கோத்து அழுத்தி அச்சடித்தவை என்பதால் பின்பக்கம் விரலால் தடவினால் லேசான மேடு தட்டுப்படும். லூப்பில் பெரிய எழுத்துகளின் நிறம் திட்டுத் திட்டாக, ஓரம் சற்றுத் தடித்து இருக்கும். மறு அச்சில் எழுத்தும்கூடச் சின்னஞ்சிறு புள்ளிகளாகத் தெரியும், பின்பக்கம் வழுவழுப்பாக இருக்கும்.

போட்டோ: முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். செய்தித்தாள் அலுவலகத்திலிருந்து வந்த படம் என்றால் பின்னால் தட்டச்சு செய்த தலைப்புத் துண்டு ஒட்டியிருக்கும், பக்கத்தில் ஊதா நிறத் தேதி முத்திரை, சில சமயம் படம் அச்சான பக்கத்திலிருந்து வெட்டிய துணுக்கு. முன்னால் ஆசிரியர் மெழுகுப் பென்சிலில் போட்ட வெட்டுக்கோடுகள். பர்க்கின் தோளைச் சுற்றிச் சாம்பல் நிறம் பூசி, பின்னால் இருக்கும் கூட்டத்தை மறைத்திருப்பார்கள். 'அழுக்கு' என்று புதியவர்கள் ஒதுக்கும் இதெல்லாம்தான் படத்தின் பிறப்புச் சான்றிதழ். லூப்பில் பார்த்தால் அசல் போட்டோவில் புள்ளி வரிசை தெரியாது, நிறம் இழைந்து போகும். புள்ளி தெரிந்தால் அது பத்திரிகையிலிருந்து எடுத்த நகல்.

அறையை இருட்டாக்கிப் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். தாளை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் 1950களில்தான் பரவலாகச் சேர்க்கப்பட்டது. 1940களின் படம் நீலமாகப் பளிச்சிட்டால் அது பிற்காலத் தாள். பளிச்சிடவில்லை என்பதால் அசல் என்று ஆகிவிடாது, இது ஒருவழிச் சோதனை.

கையெழுத்து: முதலில் பேனாவைப் பாருங்கள். பந்துமுனைப் பேனா அமெரிக்கக் கடைக்கு வந்தது 1945 கடைசியில். ஷார்பி மார்க்கர் 1964இல். 1940களின் படத்தில் ஷார்பி கையெழுத்து இருந்தால் உடனே போலி என்று சொல்லிவிட முடியாது, பர்க் 1989வரை, மூலா 2007வரை வாழ்ந்தவர்கள், வயதான பிறகு பழைய படத்தில் போட்டிருக்கலாம். ஆனால் 'அந்தக் காலத்திலேயே வாங்கியது' என்று விற்பவர் சொன்னால் அது பொய்.

ஜப்பானில் கையெழுத்து போடுவது ஷிகிஷி என்ற தடித்த அட்டையில், 24.2க்கு 27.2 சென்டிமீட்டர். பியூட்டி பேர், கிரஷ் கேல்ஸ் என்ற மல்யுத்த ஜோடிகள் பாட்டு இசைத்தட்டெல்லாம் வெளியிட்டுப் பள்ளி மாணவிகளைக் கிறங்கடித்த காலத்தில், கையெழுத்தை அச்சடித்த ஷிகிஷிகளும் நினைவுப் பொருளாக விற்றன. இன்று அவை அசல் கையெழுத்து என்ற பெயரில் வலம் வருகின்றன. கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டும் இடத்தில் லூப்பை வையுங்கள். கையால் போட்டதில் அங்கே மை இரட்டித்துக் கருக்கும். அச்சில் ஒரே கருமை.

7. கேளுங்கள், பிறகு விலை சொல்லுங்கள்

விற்பவரிடம் நான்கு கேள்விகள்: பின்பக்கப் படம், அளவு, ஓரம் வெட்டப்பட்டதா, எங்கிருந்து கிடைத்தது. பத்திரிகை என்றால் ஐந்தாவதாக, நடுப்பக்கம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சுவரில் ஒட்டுவதற்காக நடுப்பக்கப் படத்தைப் பிய்த்துக்கொண்ட பிரதிகள்தான் ஏராளம்.

விலைக்கு, கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள். ஈபேயில் அதற்குத் தனி வடிகட்டி இருக்கிறது. ஒரே பொருள் இரண்டு ஆண்டாக அதே விலையில் தொங்கிக்கொண்டிருந்தால் அது அந்தப் பொருளின் விலையே இல்லை.

ஜப்பானிய ஏலத் தளங்களில் பெரும்பாலும் இடைத்தரகு நிறுவனம் வழியாகத்தான் வாங்க முடியும். தரகுக் கட்டணம், உள்ளூர் அனுப்புச் செலவு, வெளிநாட்டு அனுப்புச் செலவு என மூன்று தடவை காசு போகும். ஐந்தாறு பொருளைச் சேர்த்து ஒரே பெட்டியாக எடுங்கள். இந்தியாவுக்கு வருவதென்றால் சுங்க வரி பொருளின் விலையோடு அனுப்புச் செலவையும் சேர்த்துத்தான் போடப்படும், அதையும் கணக்கில் வைத்து ஏலத்தின் உச்சத்தை முடிவு செய்யுங்கள். தட்டையாக, இரு அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்பச் சொல்லுங்கள். சுருட்டி வந்த போஸ்டரை நிமிர்த்துவது தனி வேதனை.

8. வந்த அன்றே

பெட்டியைத் திறக்கும்போதே போனில் படம் எடுங்கள். சேதம் இருந்தால் சொல்ல அதுதான் ஆதாரம்.

நேராக மற்றவற்றோடு வைக்காதீர்கள். தனி ஜிப் உறையில் இரண்டு வாரம் ஒதுக்கி வையுங்கள். பூச்சி முட்டையோ பூஞ்சையோ இருந்தால் அந்த ஒன்றோடு போகட்டும். துருப்பிடித்த கிளிப், ரப்பர் பேண்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். புரோகிராமின் சொந்தப் பின்னை மட்டும் தொடாதீர்கள்.

பிறகு எண் கொடுங்கள். உறைக்குள் வைக்கும் துண்டுச் சீட்டில் பென்சிலால் ஒரு எண், நோட்டில் அதே எண்ணுக்கு எதிரே என்ன, எந்த ஆண்டு, அந்த ஆண்டை எதை வைத்து முடிவு செய்தீர்கள், யாரிடம், எவ்வளவு. 'எதை வைத்து' என்ற பத்திதான் முக்கியம். மூன்று ஆண்டு கழித்து நீங்களே உங்களை நம்ப மாட்டீர்கள்.

9. வைப்பது

லேமினேட் செய்யாதீர்கள். என் முதல் புரோகிராமைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்து வாங்கி வந்தேன். அதைத் திரும்பப் பிரிக்க வழியே இல்லை. இன்றும் மேசையில் மவுஸ் பேடாகக் கிடக்கிறது. ஒட்டும் பக்கங்கள் உள்ள கல்யாண ஆல்பமும் இதே ரகம்தான்.

பாலியெஸ்டர் உறை வாங்குங்கள், மைலார் என்று கேட்டால் கொடுப்பார்கள். பிவிசி வேண்டாம், அது நாளடைவில் பிசுபிசுத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாள் துணுக்கைப் போட்டோவோடு ஒரே உறையில் வைத்தால் துணுக்கின் அமிலம் போட்டோவில் பழுப்புக் கறையாக இறங்கும். தனித்தனியாக வையுங்கள்.

சென்னை மாதிரிக் கடலோர ஊரில் வெயிலைவிட ஈரம்தான் எதிரி. சுவரை ஒட்டிய அலமாரி, பரண், கட்டிலுக்கு அடி மூன்றும் கூடாது. மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பையோடு, ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே போட்டு 50 சதவீதத்தை ஒட்டி வையுங்கள். நாப்தலின் உருண்டை போட்டால் நாற்றம் தாளில் ஏறிவிடும்.

வீடியோ கேசட் சேர்ப்பவர்களுக்கு ஒன்று: அமெரிக்க, ஜப்பானிய நாடாக்கள் என்டிஎஸ்சி (NTSC) என்ற வீடியோ முறையில் பதிவானவை. நம்மூர்ப் பழைய பிஏஎல் (PAL) முறை விசிஆரில் படம் கறுப்பு வெள்ளையாக ஓடும் அல்லது உருளும். நாடாவில் கோளாறு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அதேசமயம், நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை, எந்த விசிஆரிலும் போடாதீர்கள். ஒரு தடவை ஓடினால் அடுத்து போடும் எல்லா நாடாவுக்கும் தொற்றிக்கொள்ளும்.

கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பெட்டிகளையும் திறங்கள். ஜெல் நிறம் மாறியிருந்தால் மாற்றுங்கள், நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணையும் சரிபாருங்கள். முன்பு தெரியாமல் கேள்விக்குறி போட்டு வைத்த இரண்டு மூன்று ஆண்டுகளை அன்றைக்கு நிரப்பிவிடலாம்.